கடற்கரையை நாடி வந்த ஆகாய மார்க்கம்

கிளிநொச்சி மாவட்டத்திலே, அக்கராயன் குளத்தின் அயலில், வயலும் மேட்டுநிலமும் சூழ அமைந்த விவசாயக் கிராமம் ஸ்கந்தபுரம். அங்கே நின்று நோக்குவார்க்குக் கடல் தென்படாது. ஆயினும், ஆகாய மார்க்கமாக நெடுந்தூரம் பிரயாணம் செய்வதைப் பற்றி அவ்வூரார் அறிந்திருப்பது கொஞ்சமன்று. தொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வருவதென்றால், பல மாதங்களுக்கு முன்பே தொலைபேசியில் ஆலோசனை ஆரம்பமாகிவிடும். எந்த மாதம் வருவது? எந்த வழியாக வருவது? எத்தனை கிலோ கொண்டுவரலாம்? இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின், அந்நாடுகளிலே பிறந்த பேரப்பிள்ளைகளின் கேள்வியொன்று எஞ்சி நிற்கும்: "அங்கே நல்ல கடற்கரை இருக்கிறதா?"

நேயர்களே, இக்கேள்வி சிறு பிள்ளையின் கேள்விதான். ஆனால் இலங்கைத் தீவுக்கு ஆகாய மார்க்கம் அமைந்த சரித்திரம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. வெப்பநாட்டுக் கடற்கரை ஒன்றை நோக்கி நெடுந்தூரம் பறந்துவர எவ்வாறு திட்டமிட்டார்கள், யார் திட்டமிட்டார்கள், எதன் பொருட்டுத் திட்டமிட்டார்கள் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சுயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்ட பின்னர், இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் வர ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றன. கப்பற்பிரயாணிக்குப் பாரம் ஒரு பொருட்டன்று. பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தான். காலமே அவனுக்குச் செலவு. விமானம் வந்தபோது இக்கணக்குத் தலைகீழாயிற்று. காலம் மிச்சமாகியது, ஒவ்வோர் இறாத்தலும் எண்ணப்படலாயிற்று. விமானப் பிரயாணத் திட்டம் என்பது அன்றுதொட்டு இன்றுவரை அடிப்படையில் ஒரு நிறைக் கணக்கேயாகும்.

பிரித்தானியர் கீழைத்தேயங்களுக்கு ஆகாய மார்க்கம் வகுத்தபோது இலங்கை அதில் இடம்பெறவில்லை என்பது பலருக்கு வியப்பூட்டலாம். கப்பல்களுக்குக் கொழும்பு நடுச்சந்தியாக விளங்கியது. விமானங்களுக்கோ அது ஒதுக்குப்புறமாயிற்று. 1935 இல் பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு மேலாகப் பறந்த பிரயாணிகள் சிங்கப்பூர், இரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று நிலத்தை ஒட்டியே சென்றனர். இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பவேண்டிய விமானத்துக்கு நிலம்தான் துணை. பரந்த இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடப்பதை அக்காலத்து நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இலங்கையில் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பரில். டாட்டா நிறுவனத்தின் தபால் விமானங்கள் இந்தியாவிலிருந்து கொழும்புவரை நீண்டது 1938 இல். இராசபாட்டையிலிருந்து பிரிந்த கிளைப்பாதைபோல நம் தீவுக்கு ஒரு தொடர்பு கிடைத்தது, அவ்வளவே.

இந்நிலையை மாற்றியது யுத்தம்.

1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதனோடு அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலிருந்த ஆகாய மார்க்கம் அறுந்தது. சுமாத்திராவும் யாவாவும் அந்தமான் தீவுகளும் பகைவர் கையில். எஞ்சியிருந்த வழி ஒன்றே: அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரிலிருந்து, இடையில் எங்கும் இறங்காமல், சமுத்திரத்தின் மேலாக நேரே இலங்கைக்கு வருவது. தூரம் 3,500 மைலுக்குச் சற்று மேல். கிலோமீற்றரிற் சொன்னால் ஏறத்தாழ 5,650.

இலங்கையில் அவ்வழியின் முனையாக அமைந்த இடம் கொக்கல. தென்மாகாணத்தில், காலிக்கு அப்பால், கடலை ஒட்டினாற்போல் ஒரு களப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே தென்னஞ்சோலை. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த கிராமம் அது. பொங்கு கடலுக்கு அருகே அமைதியான நீர்ப்பரப்பு இருந்தமையால், நீரில் இறங்கும் விமானங்களுக்கு அது இயற்கைத் துறைமுகமாயிற்று. பிரித்தானிய ஆகாயப்படை அங்கே தளம் அமைத்தது. கிராமத்தவர்கள் வீடுவாசல்களை விட்டு எழும்ப நேர்ந்தது. விமான நிலையங்களின் சரித்திரத்தில் இச்செய்தி எப்போதும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எழும்பியவர்களுக்கு அது ஒரு வரியன்று என்பதை வன்னியிலுள்ளவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கொக்கலவிலிருந்து எழுந்த கற்றலைனா விமானமொன்றே, கனேடிய விமானி லெனாட் பேர்ச்சலின் தலைமையில், 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பும், 9 ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அந்தக் கற்றலைனா வகை விமானங்களைக் கொண்டே, 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், குவாண்டாஸ் நிறுவனம் பேர்த்திலிருந்து கொக்கலவுக்குத் தபால் சேவை தொடங்கிற்று.

இச்சேவைக்கு வகுத்த திட்டம் ஆராய்ந்து பார்க்கத்தக்கது. விமானங்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்மீனின் பெயர்: அல்ரெயர், வேகா, றைஜல், அன்ராறிஸ், ஸ்பைக்கா. அலங்காரத்துக்கு இட்ட பெயர்களல்ல அவை. பகைவர் செவிக்கு எட்டாதிருக்கும் பொருட்டு வானொலி பெரும்பாலும் மௌனமாயிருந்தது. வழிகாட்டும் பணியாளன் திசையறி கருவியையும் இரவில் விண்மீன்களையுமே நம்பினான். பண்டு தோணி செலுத்திய நம் கடலோடிகள் வெள்ளி பார்த்த அதே முறைதான், கையிலே கருவியும் கணித அட்டவணையும் மாத்திரம் புதியவை. பகைவர் விமானங்கள் சுற்றக்கூடிய பகுதியை இருளிலே கடக்கும்படி புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. கற்றலைனாவோ மணிக்கு 125 மைல் அளவில் ஊர்ந்து செல்வது. எனவே, ஒரு முறை கடக்க 28 முதல் 32 மணிநேரம் பிடித்தது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். பிரயாணிகள் ஒரே பயணத்தில் இரு தடவை சூரியன் எழக் கண்டனர். அதனாலே இச்சேவைக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் நிலைத்தது. பயணஞ்செய்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின்' உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் அளித்தார்கள். யுத்த காலத்திலும் மனிதர்க்கு வேடிக்கை வேண்டியிருக்கிறது.

நிறைக் கணக்கு என்று முன்னர் சொன்னேன். அதற்கு இதனிலும் நல்ல உதாரணம் இல்லை. இத்தனை தூரம் பறக்க ஏறத்தாழ 2,000 கலன் எரிபொருள் வேண்டும். நிரப்பியபின் விமானத்தின் மொத்தப் பாரம் 35,000 இறாத்தல் அளவாயிற்று. அதில் ஐந்தில் இரு பங்கு எரிபொருளே. அவ்வளவு பாரத்துடன் நீரைவிட்டு எழுவதே பிரயாசை. எழுந்தபின் முதற் பல மணிநேரத்துக்குள் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால், மற்றதைக்கொண்டு உயரத்தைக் காத்துப் பறக்க இயலாது. எரிபொருள் தீரத் தீரத்தான் ஆபத்தும் குறையும். ஆதலால், விமானத்தில் இருந்த கவசத் தகடுகளையும், தவிர்க்கக்கூடிய மற்றச் சாதனங்களையும் கழற்றி எறிந்தார்கள். இவ்வளவும் செய்தபின் ஏற்றிச் செல்ல முடிந்தது என்ன? மூன்று பிரயாணிகள், 69 கிலோ தபால்.

நேயர்கள் இந்த 69 என்னும் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்று தொறொன்ரோவிலிருந்து வரும் ஒரு சிறு குடும்பத்தின் பெட்டிகளே அதைத் தாண்டிவிடும். அன்றோ, ஒரு கண்டத்துக்கும் அதன் தாய்நாடாகக் கருதப்பட்ட தேசத்துக்கும் இடையே வானில் அனுப்பப்பட்ட அவசரச் செய்திகள் யாவும் அந்த 69 கிலோவுக்குள் அடங்கவேண்டியிருந்தது. கொக்கலவில் இறக்கிய தபால் கராச்சி வழியாக இலண்டனை நோக்கிச் சென்றது.

1945 யூலைவரை நடைபெற்ற இச்சேவையில் விமானங்கள் 271 முறை சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விபத்தேனும் நேர்ந்ததில்லை. யுத்தம் முடிந்தபின், அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற அவ்விமானங்களை உடன்படிக்கைப்படி அழித்துவிட வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் அவற்றைக் கடலிலே ஆழ்த்திவிட்டார்கள். விண்மீன்களின் பெயர் தாங்கியவை கடலடியிற் போய்ச் சேர்ந்தன. கொக்கலவில் இன்று சிறு ஓடுபாதையும், கடலோர உல்லாச விடுதிகளும் உள்ளன. அங்கே வெயில் காய வருகின்ற ஐரோப்பியருள் எத்தனை பேர் இக்கதையை அறிவார்களோ!

யுத்தத்தின் பின்னைய வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். சேர் ஜோன் கொத்தலாவல போக்குவரத்து, வேலைப்பகுதி அமைச்சராயிருந்த காலத்தில் எயர் சிலோன் தோன்றிற்று. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி அதன் முதல் விமானம், டக்கோட்டா வகையைச் சேர்ந்தது, இரத்மலானையிலிருந்து புறப்பட்டு எங்கே இறங்கியது தெரியுமா? காங்கேசன்துறையில், அதாவது பலாலியில். அங்கிருந்தே சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் ஆகாய மார்க்கம் வடக்கைத் தொட்டுக்கொண்டுதான் வெளியுலகுக்குப் போயிற்று என்பது மறக்கத்தக்க செய்தியன்று. 1949 இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் கூட்டுறவால் நான்கு எஞ்சின் கொண்ட ஸ்கைமாஸ்ரர் விமானங்கள் வந்தன; லக்ஷபான, இரத்மலான எனப் பெயரிட்டு இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தன. பின்னர் 1956 முதல் ஒல்லாந்து நிறுவனத்தோடும், 1962 முதல் பிரித்தானிய நிறுவனத்தோடும் கூட்டு. கொமெற் என்னும் தாரை விமானம் வந்ததும் நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று.

இனி, கடற்கரைக்கு வருவோம். கடற்கரையைக் காண்பதற்காகவே ஒருவர் ஆறாயிரம் மைல் பறந்து வருவார் என்பதை 1950 களில் நம் அரசாங்கம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 1966 இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பிரயாணிகள் 18,969 பேர். அதே தசாப்தத்தில் கனடாவின் உதவியோடு கட்டுநாயக்கா விமான நிலையம் பெருவிமானங்களுக்கு ஏற்றவாறு விரிந்தது. பெந்தோட்டையிலே ஜெவ்றி பாவா வரைந்த விடுதி எழுந்தது. 1982 ஆம் ஆண்டு வந்தோர் தொகை 407,230.

பெந்தோட்டை, இக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகள் ஏன் முந்திக்கொண்டன? கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் அவை அண்மையில் உள்ளன என்பது ஒரு காரணம். பெருங்காரணம் காற்று. வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை தென்மேற்குப் பருவக்காற்று, நம்மவர் சோழகம் என்பது, அக்கரையில் மோதிக் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. மார்கழியிலிருந்து பங்குனிவரை அங்கே கடல் அமைதி. ஐரோப்பாவில் பனி கொட்டுங் காலமும் அதுவே. குளிருக்கு அஞ்சி ஓடிவருபவனின் நாட்காட்டியும் தென்மேற்குக் கரையின் நாட்காட்டியும் பொருந்தின. நிலாவெளி, பாசிக்குடா, முல்லைத்தீவு ஆகிய கிழக்குக் கரைகளுக்கு இது நேர்மாறு. அங்கே வாடைக்காற்று அடங்கிச் சோழகம் வீசும் சித்திரை முதல் ஆவணிவரைதான் கடல் குளம்போற் கிடக்கும்.

1983 யூலைக்குப் பின் கட்டுநாயக்கா ஓடுபாதைக்கு வேறொரு சரித்திரமும் சேர்ந்தது. உல்லாசப் பிரயாணிகளை இறக்கிய விமானங்கள், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து புறப்பட்ட இளைஞரை ஏற்றிக்கொண்டு திரும்பின. அவர்களுடைய நெடும்பயணத் திட்டத்தில் மாதமும் காற்றும் இடம்பெறவில்லை. நிலம் அடகு வைத்த பணம், முகவர் சொன்ன வழி, இறங்கிய நாட்டிலே சொல்லவேண்டிய வார்த்தை, இவையே திட்டம். வன்னியிலிருந்து போனவர்களுக்குக் கட்டுநாயக்காவை அடைவதே பெரும் பிரயாணம். 1990 இல் யாழ்தேவி வடக்கே ஓடுவது நின்றுவிட்டது. 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் வந்தோரைத் தாங்கின. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த ஊர்களும் வெறுமையாயின. குடிமக்கள் கிழக்கு நோக்கி, இடத்துக்கிடம் பெயர்ந்து, 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய மணற்பரப்பிலே போய் முடிந்தனர். அதற்கு ஏறத்தாழ நாலரை ஆண்டுகளுக்கு முன், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி, ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரையும் அதுவே.

இங்கேதான் பேரப்பிள்ளையின் கேள்வி கடினமாகிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பாடசாலைக்கு நீண்ட விடுமுறை யூலை, ஆகஸ்ட் மாதங்களில். அம்மாதங்களில் பெந்தோட்டைக் கடல் நீராடத் தகுந்ததன்று. ஸ்கந்தபுரத்திலிருந்து பகலுணவுக்கு முன் போய்ச் சேரக்கூடிய முல்லைத்தீவுக் கடலோ, அப்பொழுதுதான் தெளிந்து அமைதியாய் இருக்கும். நாட்காட்டிக்கும் காற்றுக்கும் இதைவிட நல்ல பொருத்தம் வாய்க்காது. சாதகம் பொருந்தியும் மனம் பொருந்தாத சம்பந்தம் போன்றது இது. அந்த மணலில் உறவினரை விட்டு வந்தவர்களுள் சிலர் இன்றும் அக்கடலை முகங்கொடுத்துப் பார்ப்பதில்லை. வேறு சிலர், ஆண்டில் ஒரு நாள் அங்கே சென்று விளக்கேற்றி வருவர். அவர்களிடம் போய், பிள்ளைகள் குளிக்க விரும்புகிறார்கள் என்று எவ்வாறு சொல்வது? கடற்கரைக்குப் போகலாமா என்னும் கேள்விக்கு ஒரே வீட்டில் மூன்று தலைமுறையும் மூன்று விடை சொல்லும். அவற்றுள் எதையும் பிழை என்று நான் சொல்லத் துணியேன்.

மேலும், வன்னி மக்களுக்குக் கடல் என்றுமே உல்லாசத்துக்குரிய இடமாய் இருந்ததில்லை. மீனுக்கும் உப்புக்கும் கடல். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கடல். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து, அந்நீரில் விளக்கெரிப்பது வைகாசி மாதத்து வழக்கம். மணலில் படுத்து வெயில் காய்வது நம்மவருக்கு விளங்காத ஒரு சங்கதி. வெயில்தான் வயலில் போதியமட்டும் கிடைக்கிறதே!

ஆகவே, குடும்பங்கள் தத்தமக்கு ஏற்ப ஒரு வழி காண்கின்றன. சிலர் காரைநகர்க் கசூரினா கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வருகிற வழியில் நல்லூர்த் திருவிழாவும் கண்டு திரும்புவர். இரண்டும் ஒரே பருவத்தில் அமைவது வசதி. சிலர் திருகோணமலைக்குப் போய் நிலாவெளியில் தங்குவர். முல்லைத்தீவுக்கே போவோரும் உளர். முதியவர்கள் வாகனத்தில் இருக்க, பிள்ளைகள் அலையோரத்தில் காலை நனைப்பர். மார்கழியில் வருகின்றவர்களுக்கு இத்தொல்லை இல்லை. மழை பிடித்து, குளம் நிரம்பி, ஒழுங்கைகள் சேறாகிக் கிடக்கையில் கடலை நினைக்க யாருக்கு நேரம்? தைப்பொங்கல்வரை தங்கக்கூடியவர்கள் காலபோக நெல் விளைந்து நிற்பதைக் காண்பர். எந்த மாதத்தில் வரலாம் என்று என்னைக் கேட்பின், கடலை விட்டு வயலைக் காணத் தை மாதத்தில் வருமாறு சொல்வேன். ஆனால் அந்நிய நாட்டுப் பள்ளிக்கூடங்கள் என் சொற்படி விடுமுறை விடுவதில்லை.

பிரயாணத்தின் வேறு பல தொல்லைகள் குறைந்துள்ளன. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையோடு தொடர்பு பெற்றது. 1947 இன் பாதை நெடுங்காலத்தின் பின் உயிர்பெற்றது எனலாம். எனினும், கனடாவிலிருந்து நேரே வரும் விமானம் இல்லை. இரவில் தொறொன்ரோவை விட்டு எழுபவர்களுக்கு அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு முறை பொழுது விடிகிறது. வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி, இருளிலே கட்டுநாயக்காவில் இறங்கி, வாடகை வாகனத்தில் வடக்கே போகையில் மறுமுறை விடிகிறது. சான்றிதழ் மாத்திரம் எவரும் கொடுப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அக்கராயன் வீதியில் திரும்பும்போது, குழந்தைகள் பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பார்கள்.

திரும்பும் நாளில் மீண்டும் நிறைக் கணக்கு. தராசு இல்லாத வீட்டில் நெல்மூட்டை தூக்கிப் பழகிய கையே தராசு. பெட்டியொன்றுக்கு 23 கிலோ என்று நிறுவனம் விதித்திருக்கும். வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், மோர்மிளகாய், ஒடியல்மா, பினாட்டு, பருவமானால் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கடதாசியில் பல சுற்றுச் சுற்றிய கருவாடு எல்லாம் முற்றத்துப் பாயிலே பரப்பப்படும். உடுப்புக்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டு ஊரிலேயே விடப்படும். கருவாடு முல்லைத்தீவுக் கடலில் பிடித்த மீனிற் செய்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுக்க மாத்திரம் பாட்டி சம்மதிப்பதில்லை.